எண்பத்தெட்டாவது வலை

நள்ளிரவு முதல் காலை ஆறு வரை என் முறை.
வார்டோவுக்கு வடக்கே, பாரன்ட்ஸ் கடலில்,
நவம்பரில் காலை ஆறு என்பதும் இருட்டுதான்.

வலையின் வயிறு அவிழ்ந்ததும்
மேசைமேல் சரிகிறது கடலடி.
மீன்களைத் தோர்மூட் எடுத்துக்கொள்வான்.
அவற்றுக்கு முள் உண்டு, விலை உண்டு.
மிச்சம் எனக்கு.
மிச்சம்தான் அதிகம்.

இடுப்பில் பட்டை இறுக்கியிருக்கிறேன்.
நான்காவது எலும்புக்கும் ஐந்தாவதுக்கும் நடுவே
ஒரு வில்லை பிதுங்கிவிட்டதாம்.
படத்தைக் காட்டி ட்ரோம்சோ மருத்துவர் சொன்னார்:
குனியாதே.
சம்பளமே குனிவதற்குத்தான்.

முதலில் கடற்பஞ்சு, கூடை கூடையாக.
வாயில்லை, வயிறில்லை, நரம்பில்லை.
துளை வழியே கடலை உள்ளே விட்டு,
சலித்துத் தின்று, வெளியே விடும்.
பாலாடைக்கட்டித் தரை என்பார்கள் இங்குள்ள மீனவர்கள்,
இது மண்டிய இடத்தை.
கந்தக வாடை. கையுறை தாண்டித் தைக்கும்
கண்ணாடி ஊசிகள்,
எலும்பில்லாமல் எழுந்து நிற்க
தனக்குத் தானே கட்டிக்கொண்ட சாரம்.

சொறி கிழிந்துதான் வரும்.
கடற்சாமந்தி முஷ்டியாய்ச் சுருங்கிவிடும்.
இரண்டும் ஒரே கூடை, ஒரே குலம்:
தின்னவும் கழிக்கவும் ஒற்றை வாசல்.
செத்த பிறகும் கொட்டும் சொறி,
சில வார்த்தைகளைப் போல.

செப்டம்பரில், சங்கக் கூடத்தில்,
பங்கைக் குறைக்கும் காகிதத்தை முதலாளி நீட்ட
என் தம்பி எய்லிஃப் முதல் ஆளாகக் கையெழுத்திட்டான்.
அத்தனை பேர் முன்னும் கேட்டேன்:
முதுகெலும்பே இல்லையா உனக்கு?
தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

தட்டைப்புழுவைச் சாமணம் கிழிக்கும், தூரிகை வேண்டும்.
வளையப்புழு, ரயில்பெட்டிகள் போல் கோத்த உடம்பு.
சங்குப்பூச்சி வீட்டுக் கதவை
உள்ளிருந்து சாத்திக்கொள்கிறது.
அதற்கு உறவென்றால் நம்ப முடியாத
ஒரு சிறிய சாக்குக்கணவாய்
வாளியிலிருந்து என்னையே பார்க்கிறது.
மூன்று இதயம், நீல ரத்தம்.
உடம்பில் கெட்டியானது அலகு மட்டும்;
அலகு நுழைந்த ஓட்டையில் ஆளே நுழைந்துவிடும்.
மூடிமேல் கல் வைக்கிறேன்.

பனிநண்டு ஒன்று ஓடு கழற்றிய நேரத்தில் அகப்பட்டிருக்கிறது.
அழுத்தினால் ஈரத்தோல் போல் அமுங்குகிறது.
எலும்பை வெளியே போட்டுக்கொண்டவர்களுக்கு
வளர வேறு வழியில்லை:
கவசத்தை விட்டு வெளியே வரவேண்டும்,
புதியது இறுகும்வரை
யார் பல்லுக்கும் தப்பி இருக்கவேண்டும்.

ஐந்து ஐந்தாய்ப் பிரிந்த முட்தோலிகள் கடைசியில்.
தலை இல்லாததால் எந்தப் பக்கமும் முன்பக்கம்.
நொறுங்கு நட்சத்திரம் பயந்தால் கையை விட்டுவிட்டு ஓடும்.
பிறகு முளைக்கும்.
எனக்கு அப்படி எதுவும் முளைப்பதில்லை.

“எத்தனை இனம்?” தோர்மூட் கத்துகிறான்.
நூற்று நாற்பத்தொன்று.
“அதில் முதுகெலும்போடு?”
ஒன்பது. நம்மைச் சேர்த்தால் பத்து.
சிரிக்கிறான். சிரித்தால் எனக்கு இடுப்பு வலிக்கும்.

வலைக்கண்ணில் இன்னும் ஏதோ சிக்கியிருக்கிறது.
கடற்சிலந்தி. என் உள்ளங்கை அகலம்.
உடம்பு நூலளவு; குடலுக்கே இடம் போதாமல்
கால்களுக்குள் ஓடுகிறது.
வயிற்றடியில், தனியாக இரண்டு குட்டிக் கால்களில்,
திராட்சை போல் முட்டைக் குலைகள்.
முட்டையிட்டது பெண். சுமப்பது ஆண்.
பொரியும்வரை கீழே வைக்காது.

மரித் தெற்கே போய்விட்ட பிறகு
எய்லிஃப் வீட்டு வாசலில்
இரண்டு ஜோடிச் சின்ன பூட்ஸ்.
பனிக்காலத்துக்கு அளவு பத்தாதவை.
அதை நான் ஆகஸ்டிலேயே பார்த்திருந்தேன்.

பென்சிலால்தான் சீட்டு எழுதவேண்டும்,
சாராயத்தில் மை கரையும்.
வலை 88. ஆழம் 310. ஆண், முட்டைகளுடன்.
தொலைபேசிக்கு வியாழக்கிழமைதான் சிக்னல்.
என்ன சொல்வதென்று இன்னும் தெரியவில்லை.

சங்கிலி இரைகிறது, அடுத்த வலை ஏறுகிறது.
பட்டையை ஒரு துளை இறுக்கிக்கொண்டு
குனிகிறேன்.